கடிவாளத்துக்கு வைத்த பொட்டு

1

இங்கே ஆயுத பூஜைக்கு விடுமுறை கிடையாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். நவமியன்று புனேயில் பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு, தண்ணீர் லாரி உண்டு. மறுநாள் தசராவுக்குத்தான் கதவைச் சாத்துவார்கள். அன்றைக்கு ஸ்கூட்டருக்கும் லேத் மெஷினுக்கும் சாமந்தி மாலை போட்டுக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு அதே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கருவியைக் கழுவிப் பொட்டு வைத்துப் படுக்கப்போட்டால் மறுநாள் பூஜை முடிக்கும்வரை தொடக்கூடாது என்பது நம் வழக்கம். வருஷமெல்லாம் உழைத்த சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு. இதை இங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து என் நாத்தனார் மகன் போன மாதம் போன் செய்தான். நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு நானும் எழுத வேண்டுமாம். "அத்தை, வெளியூர் வாழ்க்கை உங்களுக்குக் குடுத்ததைப் பத்தி நன்றியோட நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றான். நல்ல பையன், ஆசையாகத்தான் கேட்டான். ஆனால் நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகவே நாலு பக்கத்தில் அடங்காது. அவன் வெட்டிக்கொள்ளட்டும்.

2

என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் ஃபவுண்டரிகளில் வேலை பழகியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேயை ஒட்டிய போசரியில் ஒரு தொழிற்சாலை அவரைச் சூப்பர்வைசராகக் கூப்பிட்டது. முதலில் தேஹு ரோடில் வாடகைக்கு இருந்தோம். பிறகு மகள் நித்யாவின் படிப்புக்காகவும், எனக்குக் கிடைத்த கணக்கு டீச்சர் வேலைக்காகவும் வானவடிக்கு வந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் அங்கேயே ஒரு பழைய ரோ ஹவுஸை வாங்கினோம். வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே அடுக்களைச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. வீட்டை இடித்துச் சரிசெய்யாமல் தீராது என்று ஆயிற்று.

அடுக்களை ஜன்னலைச் சாலைப் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு எங்கள் சொசைட்டியின், அதாவது குடியிருப்புச் சங்கத்தின், அனுமதி வேண்டுமாம். செக்ரெட்டரி முன்னால் போய் நின்றால், ஜன்னலின் படம் கொண்டுவா என்றார். படம் கொண்டுபோனால், இன்ஜினியர் கையெழுத்து எங்கே என்றார். அதையும் வாங்கிப் போனால், கமிட்டி அடுத்த மாதம்தான் கூடும் என்றார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஜன்னல் மட்டும்தானே மேடம், கோயில் கட்டப் போறதில்லையே? உங்க மதராஸி ஆளுங்க கோபுரம் எழுப்பிடுவாங்க" என்று ஹிந்தியில் கேட்டார். அவர் வீட்டு வாசலில் சொசைட்டி நிலத்தை வளைத்துத் துளசி மாடம் கட்டியிருக்கிறார். அதற்கு எந்தக் கமிட்டி கூடியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் ஹிந்தியில் சுவர் ஆணா பெண்ணா என்பதே இன்னும் நிச்சயமில்லை. கோபம் வந்தால் இருக்கிற ஹிந்தியும் ஓடிப்போகும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் சரியான வாக்கியம் வாயில் வந்தது.

ஒருவழியாக அனுமதி கிடைத்து வேலை தொடங்கியபின் நாங்கள் மூவரும் ஓர் அறையில் அடைந்தோம். மற்ற அறைகளில் சிமெண்ட் மூட்டை, டைல்ஸ், ராஜஸ்தானத்துத் தச்சர்கள். சோற்றில் சிமெண்ட், தலையணையில் சிமெண்ட். காண்டிராக்டர் ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரம் முடிஞ்சிடும்" என்பார். இவரோ போசரிக்குக் காலையில் போனால் இருட்டிய பின்தான் வருவார். வந்து, உடைந்த சுவரைப் பார்த்து, "பரவால்ல, வேலை நடக்குது போல" என்பார். அதைக் கேட்டு எனக்கு வரும் எரிச்சலை இங்கே எழுத முடியாது.

3

அந்தக் குப்பைமேட்டில் இருந்து தப்பிக்கத்தான் நித்யா குதிரைகளிடம் போனாள் என்று முதலில் நினைத்தேன். அப்போது பதினொன்றாவது படித்தாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் அதை நடத்தினார். பந்தயத்தில் பயன்படாமல் போன குதிரைகள் அங்கே வரும். அவற்றைப் பிள்ளைகள் ஏறிப் பழகும் குதிரைகளாக மாற்ற ஒரு பருவம் பயிற்சி கொடுப்பார்கள். தசராவன்று எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறிய குதிரைக்குப் பள்ளியில் இடம். தேறாததை ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். அந்த ஆள் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக் குதிரை விடுகிறவன். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, காதருகே பேண்ட் வாத்தியமும் வெடியும் முழங்க, சீசன் முழுக்க நிற்க வேண்டும். பந்தயக் குதிரைக்கு அதைவிடக் கொடுமை இல்லை என்பார்கள்.

நித்யாவுக்குக் கொடுத்தது ஒரு பெண் குதிரை. பந்தயத்தில் அதன் பெயர் சில்வர் அபாலஜி. அப்படிப் பெயர் வைத்தால் எந்தக் குதிரை ஜெயிக்கும்? அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் தோண்டிபாவுக்கு அந்த இங்கிலீஷ் பெயர் நாக்கில் ஏறவில்லை. அபோலி என்று கூப்பிட்டார். மராத்தியில் அபோலி என்றால் நம் கனகாம்பரம். ரோமமும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். அந்தப் பெயரே நிலைத்தது.

நான் காவலுக்குப் போனவள். வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு போய் வேலி ஓரம் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன், குதிரைக்கு ஓடச் சொல்லித் தருவது பெரிதில்லை, நிற்கச் சொல்லித் தருவதுதான் பெரிது. பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமாகப் போ என்று அர்த்தமாம். ஒரே பக்கம்தான் வளையத் தெரியும். ஏறி உட்காருமுன்னே கிளம்பிவிடும். இதையெல்லாம் மறக்கவைத்துப் புதிதாகச் சொல்லித் தர வேண்டும். நித்யா ஒரு காலைச் சேணத்து வளையத்தில் வைப்பாள். அபோலி நகரும். காலை எடுத்துவிடுவாள். மறுபடி வைப்பாள். ஒரு மூச்சு நேரம் நின்றால் போதும், உடனே கடிவாளத்தைத் தளர்த்திக் கழுத்தைத் தடவிக் கொடுப்பாள். வீட்டில் ஒரு தோசைக்குக் காத்திருக்கத் தெரியாத பெண் அங்கே மணிக்கணக்கில் காத்திருந்தாள். எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆவணி முடியும்போது அபோலி கல்லாக நிற்கக் கற்றுக்கொண்டது. இரண்டு பக்கமும் வளைந்தது. என்னைப் பார்த்தால் கேரட்டுக்காக விடைத்தாளை முகர்ந்து பார்க்கும். ஒரு பிள்ளையின் அல்ஜீப்ராவைத் தின்றே விட்டது.

4

அந்தச் சமயத்தில்தான் நித்யாவின் பள்ளியில் ஆளுமை வளர்ச்சி என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது, அன்றைக்கு எதற்கெல்லாம் நன்றி என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். நாங்கள் சிமெண்ட் மூட்டைக்கு நடுவில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். இவள் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வந்ததற்கு நன்றி. அபோலி இடப்பக்கம் வளைந்ததற்கு நன்றி. பாத்ரூமுக்குக் கதவு மாட்டியதற்கு நன்றி.

"நீங்க சொல்லுங்க டாடி" என்றாள்.

இவர் ஒரு நிமிஷம் யோசித்து, "ரசத்துக்கு" என்றார்.

"யாருக்கு நன்றி?"

"ரசத்துக்குத்தான் கண்ணு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் முறை வந்தபோது, "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வராது, நீ சாப்பிடு" என்றேன்.

"அம்மா, நீ யாருக்குமே தேங்க்ஸ் சொல்றதில்ல. அந்த கார்பெண்டர் அங்கிள்ஸுக்குகூட. ஹார்ஸுக்கே நான் டெய்லி சொல்றேன். இந்த வீட்டில மனுஷங்களுக்குச் சொல்ல மாட்டேங்கறீங்க."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அந்தத் தச்சர்களுக்குப் பகலில் இரண்டு வேளை டீ யார் போடுகிறார்கள்? பள்ளிவிட்டு ஓடிவந்து, ஒரே ஒரு ஸ்டவ்வில், தூசியில் முக்காடு போட்டுக்கொண்டு? அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்து அனுப்பியது யார்? நம் பக்கத்தில் நன்றி என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் கூச்சத்தில் நெளிவார். கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிறாயா என்றுதான் தோன்றும். ஒரு உதவிக்கு இன்னொரு உதவி, ஒரு உழைப்புக்கு ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு நாள் ஓய்வு. நாங்கள் வளர்ந்தது அப்படி. வாயில் தேங்க்யூ உருளுவதால் ஒருத்தர் நல்லவர் ஆகிவிட மாட்டார். இந்த ஊரில் என்னை வரிசையில் இடித்துத் தள்ளி முன்னால் போனவர்கள் எல்லோரும் தேங்க்யூ சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. கேட்டுப் புரிந்துகொள்ள அவளிடம் தமிழ் இல்லை. பிள்ளைகள் கைவிட்டுப் போவது ஒரே நாளில் நடப்பதில்லை, இப்படிச் சாப்பாட்டு நேரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

5

அந்த வருஷம் நவமிக்கு நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். தச்சர்களின் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கழுவிப் பொட்டு வைத்தேன். அவர்கள் தங்கள் விஸ்வகர்மா பூஜையைப் போன மாதமே முடித்திருந்தார்கள். ஆனால் இன்னொரு நாள் ஓய்வு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? காண்டிராக்டர்தான் ஒரு நாள் போச்சு என்று போனில் கத்தினார். அவரால் எத்தனை வாரம் போனது என்று நான் கேட்கவில்லை.

நித்யாவிடம் அபோலியின் கடிவாளத்தையும் சேணத்தையும் கொண்டுவரச் சொன்னேன்.

"நாளைக்கு ரைடு இருக்கும்மா. டுடே கொஞ்சமாவது ஓட்டணும்" என்றாள்.

"ஒரு நாள் சும்மா நிக்கட்டும் கண்ணு. உனக்காக எத்தனை மாசமாப் பாடுபடுது. வாயில தேங்க்ஸ் சொன்னாப் போதுமா? இன்னிக்கு ஓய்வு குடு, வயித்துக்குப் போடு, நாளைக்கு எப்படி ஓடுதுன்னு பாரு."

சொன்னது குருட்டுத்தனமாக இல்லை. உடுமலைப் பக்கம் ரேக்ளா மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். பந்தயத்துக்கு முந்தின நாள் மாட்டை அவிழ்க்க மாட்டார்கள். பருத்திக்கொட்டை ஆட்டிய பாலும் வெல்லமும் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். மறுநாள் அது வில்லிலிருந்து விட்டது போலப் பாயும். என் கண்ணால் பார்த்தது.

நித்யா அரைமனதாக ஒத்துக்கொண்டாள். கடிவாளத்தின் நெற்றிப் பட்டையில் நானே குங்குமம் வைத்தேன். அதைப் பார்த்து, "நைஸா இருக்கும்மா" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் சர்க்கரைப் பொங்கலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் தூக்கில் எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனோம். கர்னல் அன்றைக்கு ஊரில் இல்லை. தோண்டிபாவுக்கு நான் உடைந்த ஹிந்தியில் விளக்கினேன். அவர் நான் முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். முகம் மலர்ந்து, "பைலபோளா மாதிரி" என்றார். போளா என்பது மராத்தி விவசாயிகளின் மாட்டுப் பண்டிகை. அன்றைக்கு மாட்டை ஏரில் பூட்ட மாட்டார்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பருப்புப் போளி ஊட்டுவார்கள். தோண்டிபாவும் சதாரா பக்கத்து விவசாயக் குடும்பம்தான்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் தாயி. இங்க வந்து இத்தனை வருஷத்தில குதிரைக்கு யாரும் இதைச் செய்யலை" என்றார்.

இருவருமாகச் சேர்ந்து ஊட்டினோம். அன்றைய தானியமும் வழக்கம்போல முழுதாக வந்திருந்தது. அதையும் வைத்தார். அபோலி எல்லாவற்றையும் தின்று என் முந்தானையிலும் வாயைத் துடைத்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வழக்கத்தை விளக்காமலே புரிந்துகொண்ட முதல் மனிதர் தோண்டிபாதான். அன்றைக்கு எனக்குப் புனே பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

6

மாடு வேறு, குதிரை வேறு. அது மறுநாள் தெரிந்தது.

தசராக் காலையில் எல்லாக் குதிரைகளுக்கும் மாலை. குதிரைப் பள்ளியின் கமிட்டி ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். நித்யா ஏறும்போது அபோலி கல்லாக நின்றது. கர்னல் தலையாட்டினார். இரண்டு பக்கமும் வளைந்தது. மெதுவோட்டம் அழகாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா யாரோ, "அது உங்க பெண்ணா?" என்று கேட்டார்கள்.

பிறகு வேகமாக ஓட்டச் சொன்னார்கள். ஒரு சுற்று சரியாகப் போனது. அடுத்த சுற்றில் பின்னங்கால்கள் குச்சியாக விறைத்தன. உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. "தட்டி ஓட்டு, தட்டி ஓட்டு" என்று கர்னல் கத்தினார். நித்யா ஓட்டவில்லை. சட்டென்று இறங்கிவிட்டாள். அபோலி நடுங்கிக்கொண்டு நின்றது, ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது பெய்த மூத்திரம் காப்பி நிறத்தில் இருந்தது. நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன், என்ன செய்வது.

வைத்தியர் வந்து ஊசி போட்டார். நிதானமானவர், எங்களிடம் பொறுமையாகச் சொன்னார். தினமும் உழைக்கும் குதிரைக்கு ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். குறைக்காமல், மேற்கொண்டு இனிப்பும் கொடுத்து, மறுநாள் வேகமாக ஓட்டினால் பின்தொடைச் சதை இப்படி இறுகிப்போகுமாம். சில குதிரைகள் இதிலேயே விழுந்துவிடும். இது பிழைத்துக்கொள்ளும், சில வாரம் அசைக்கக் கூடாது என்றார். அதன்பின் நித்யா தினமும் லாயத்தில் போய் உட்கார்ந்தாள். என்னை வர வேண்டாம் என்றாள்.

7

அபோலி மெல்ல நடக்கத் தொடங்கியபின் கர்னல் எங்களைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கமிட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். தோண்டிபா கதவோரம் நின்றார். நித்யா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குதிரை இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கர்னல் இனிமையாகவே பேசினார், டீ வரவழைத்தார். "உங்க பெண்ணுக்கு நல்ல கை. ஆபத்து என்று தெரிந்ததும் இறங்கினாளே, அதுதான் குதிரைக்காரிக்கு அழகு. குதிரை தேறிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். இங்கேயே இருக்கட்டும்" என்றார். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர், "ரொம்ப தேங்க்ஸ் சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று பாதி எழுந்தேவிட்டார்.

"தவறு யாருடையது என்பது தெளிவு" என்றார் கர்னல் தொடர்ந்து. "தானியத்தைக் குறைக்க வேண்டியது குதிரைக்காரன் பொறுப்பு. குடித்திருப்பான், பண்டிகை. அவனை அனுப்பிவிடுகிறோம். விஷயம் முடிந்தது."

தோண்டிபாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, நல்ல சேதி என்று நினைத்து அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பது?

நித்யா என் கையைப் பிடித்தாள். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவரும் தமிழில், "விடு, அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

"அவர் குடிக்கல சார்" என்றேன். எனக்கு வராத இங்கிலீஷ் அன்றைக்கு வந்தது. "ஓய்வு குடுக்கச் சொன்னது நான். பொங்கல் குடுத்தது நான். தானியம் உங்க ஸ்டோர்ல இருந்து அளந்து வருது. திங்கக்கிழமை குதிரைக்கு லீவு, அன்னிக்கு நீங்க பாதிதான் அனுப்பறீங்க. எதுக்குப் பாதின்னு இவருக்கு யாராவது சொன்னீங்களா? வர்றதை வைக்கிறார். நவமிக்கு முழுசா வந்துச்சு, முழுசா வெச்சார்."

கர்னலின் முகம் மாறியது. "மேடம், உங்க மூடநம்பிக்கைக்கு ஒரு குதிரை செத்திருக்கும். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நீங்கள் நன்றியோடு இருக்க வேண்டும்."

நன்றியோடு. அந்தச் சொல்லை எனக்கு அவர் சொல்லிக்கொடுக்கிறார்.

"தசராவுக்குக் குதிரைக்கு மாலை போட்டீங்களே, அது என்ன சார்? உங்க ஊர்ல போளாவுக்கு மாட்டுக்குப் போளி ஊட்டறாங்களே, அது என்ன? நீங்க செஞ்சா பண்பாடு, நான் செஞ்சா மூடநம்பிக்கையா? எனக்குக் குதிரைத் தீவனம் தெரியல, ஒத்துக்கறேன். வருஷமெல்லாம் உழைச்சதுக்கு ஒரு நாள் ஓய்வு குடுத்ததைத் தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். என் தப்புக்கு இவரை அனுப்பவும் விட மாட்டேன்."

கமிட்டி ஆட்களில் ஒருவர் ஸ்டோர் விஷயம் உண்மையா என்று கர்னலைக் கேட்டார். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். உறுப்பினரின் குடும்பம் தீவனத்தில் தலையிட்டதால் குதிரை தேர்வில் தோற்றது, ஆகவே விதிப்படி அது போகும் என்றார். குதிரைக்காரன் இருக்கட்டும் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

வெளியே வந்ததும் நித்யா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். "ஒரு நிமிஷம், அம்மா. ஒன் மினிட் நீ பேசாம இருந்திருக்கலாம் இல்ல?"

இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

8

அந்த வியாபாரி தீபாவளிக்கு முன்னால் வந்து அபோலியைக் கூட்டிக்கொண்டு போனான். நித்யா போய்ப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. தீபாவளிக்குக் குதிரைப் பள்ளியில் இருந்து ஒரு மிட்டாய்ப் பெட்டி வந்தது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று மேலே அச்சடித்திருந்தது. அப்படியே தச்சர்களிடம் கொடுத்துவிட்டேன். இவர், "எதுக்கு, மைசூர்பாகு நல்லாத்தானே இருக்கும்" என்றார். அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு யாராவது எனக்கு ஒரு பெட்டி அனுப்பலாம்.

நாங்கள் அந்த வியாபாரியைத் தேடிப் போகாமல் இல்லை. நானும் இவரும் ஹடப்சர் பக்கம் அவன் கொட்டகையைக் கண்டுபிடித்துப் போய்க் கேட்டோம். சோலாப்பூர்ப் பக்கம் கைமாற்றிவிட்டேன் என்றான். யாரிடம் என்றால் தலையைச் சொறிந்தான். அதை நித்யாவிடம் சொன்னபோது சரி என்றாள். அதன்பின் அவள் குதிரை ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நன்றி சொல்வதும் நின்றுபோயிற்று. அதை நான் வேண்டாம் என்றவள்தான். ஆனால் அந்த மௌனத்துக்கு அந்தக் கூத்தே மேல் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

தோண்டிபா ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். யாரோ அவருக்கு நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பை நிறைய ஊர் நிலக்கடலையை வாசலில் வைத்துவிட்டு, "வேலை முடிஞ்சிடுச்சா தாயி?" என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். புது ஜன்னலைத் திறந்து மூடினார். காப்பி குடித்தார். போய்விட்டார். நன்றி என்று அவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கடலையை வறுத்து வைத்தேன். நித்யா தொடவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. வீடு முடிந்துவிட்டது, சுவரில் ஓதம் இல்லை. நித்யா ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் என்னோடு பேசுவது எல்லாம் பால் வாங்கியாச்சா, கேஸ் சொல்லியாச்சா என்கிற அளவில்தான்.

என் அடுக்களை ஜன்னல் வழியாகச் சாலையில் போகும் கல்யாண ஊர்வலம் தெரியும். பேண்ட் சத்தம் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு கேட்டுக்கு ஓடுவேன். அக்கம்பக்கத்தில் எனக்கு வாத்தியம் என்றால் உயிர் என்று நினைக்கிறார்கள். ஜரிகைத் துணி, முத்துக் குஞ்சம் என்று குதிரையை மூடியிருப்பார்கள். முகம் தெரியாது, நிறமும் சரியாகத் தெரியாது. கால் மட்டும்தான் வெளியே இருக்கும். அபோலிக்கு ஒரு பின்னங்கால் மட்டும் குளம்புக்கு மேல் வெள்ளை. அதைப் பார்ப்பேன்.

போன வாரம் ஓர் ஊர்வலம் வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் நித்யா கேட்டில் நின்றிருந்தாள். எப்போது ஆபீசில் இருந்து வந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மாப்பிள்ளை எங்களைக் கடந்து போனார்.

"இது இல்ல" என்றாள்.

வெடிச் சத்தம் தூரம் போகும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். அவள் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சாலையைப் பார்த்தபடியே, எழுத்துக்கூட்டிப் படிப்பது போன்ற அவளுடைய தமிழில் கேட்டாள்.

"தோண்டிபா அங்கிள் இன்னும் அங்கதான் வேலை பாக்கறாரா?"

"பாக்கறாரு கண்ணு. அவரு மகனையும் அங்கயே சேத்துட்டாரு."

"ம்" என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டே, "சரிதான்மா" என்றாள்.